மாடி தாங்குமா?

கேள்வி: பாரிமுனையில் பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றின் முதல் மாடியைக் காகித கோடவுனுக்குக் கேட்டிருக்கிறேன். ‘நூறு வருஷமா நிக்குது, தாங்கும்’ என்கிறார் உரிமையாளர். நம்பலாமா?

பதில்: நூறு வருஷமாக அது தாங்கியது குமாஸ்தாக்களை, காகிதத்தை அல்ல! அலுவலகத் தளத்துக்கு இந்தியத் தரவிதி வைக்கும் கணக்கே சதுர மீட்டருக்குச் சுமார் 250 முதல் 400 கிலோதான். அதே சதுர மீட்டரில் ஏ4 காகிதத்தை ஒரு மீட்டர் உயரம் நெருக்கி அடுக்கினால் 800 கிலோ வரும். அதுவும் மெட்ராஸ் டெரஸ் தளமென்றால் மொத்தச் சுமையும் மர உத்தரங்களின் மேல். சுவருக்குள் புதைந்த அவற்றின் முனைகளைத்தான் ஈரமும் கரையானும் தேடிப்போகும். வெள்ளையடித்த சுவர் அதைக் காட்டாது. கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து, முனைகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் அதற்குப் பிறகு. தரைத்தளம் கிடைத்தால் இன்னும் நல்லது. மழைநீர் புகுந்தால் நனையாதிருக்க, காகிதத்துக்கு அடியில் பலகை போட்டுக்கொள்ளலாம்.