ஸ்பேனர் மட்டும் கேட்காதே, அம்மிணி!

மகளிர் தினம் வந்தால் எங்கள் குன்னத்தூர்ப் பக்கம் இஸ்ரோ விஞ்ஞானி நிகர் ஷாஜிக்கு மவுசு கூடிவிடும். ஃப்ளெக்ஸ் பேனரின் ஓரத்தில் தபால்தலை அளவில் அவர் படம். நடுவில் ஆளுயரத்துக்கு, வெள்ளை வேட்டியில், விழாவுக்குப் பணம் கொடுத்த புரவலர். மைக்கைப் பிடித்ததும் புரவலருக்குத் தொண்டை கம்மும். "கண்ணுகளா, செங்கோட்டைப் புள்ள சூரியனையே பாக்கறதுக்கு ஆதித்யாவை அனுப்பிச்சிருச்சு. நீங்க எதுல கொறஞ்சு போயிட்டீங்க?" கைதட்டல், லட்டு. இறங்கியதும் புரவலர் தன் மில்லுக்கு ஆள் பிடிக்கும் புரோக்கரிடம், இந்த வருடம் எத்தனை பிள்ளைகள் பத்தாவதோடு நிற்கும் என்று விசாரிப்பார். பேனரைக் கிழியாமல் சுருட்டி வைக்கச் சொல்வார். அடுத்த வருடத்துக்கும் ஆகுமல்லவா?

அந்த அம்மையார் எந்த வழியாகப் போனார் என்பதை மட்டும் மேடையில் எவரும் சொல்வதில்லை. செங்கோட்டை அரசுப் பள்ளி, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி, 1987-இல் இஸ்ரோ. ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநராக இருந்த அரியலூர் வளர்மதி படித்தது கோவை ஜி.சி.டி.யில். அதுவும் அரசுக் கல்லூரிதான். இங்கே காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். இரண்டு பேர் கதையிலும் புரவலர் வரவே இல்லை.

கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்த அ. லலிதாவுக்குப் பதினைந்தில் கல்யாணம். பதினெட்டில் கைக்குழந்தையோடு விதவை. அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த அப்பா போய்க் கேட்டார், சேர்த்துக்கொண்டார்கள். 1940-களிலேயே இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவராகி, பின்னாளில் பக்ரா நங்கல் அணைக்கான ஜெனரேட்டர்களில் வேலை பார்த்தார். விதவைக்குப் படிப்புத் தந்து பொறியாளராக்கிய ஊர் அது.

நம் பக்கத்து மில்காரர்கள் சளைத்தவர்களா? கல்யாணமாகாத பெண்களுக்கென்று சுமங்கலித் திட்டம் கண்டுபிடித்தார்கள்! மூன்று வருடம் ஹாஸ்டலில் அடைந்து கிடந்து, அறுந்த இழையை ஓடி ஓடி ஒட்டினால், முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கைக்கு வரும். நகைக்கும் சீருக்கும் ஆச்சாம். 1961-லேயே வரதட்சணைத் தடுப்புச் சட்டம் போட்ட நாட்டில், அவள் கூலியையே பிடித்து வைத்து அவளுக்கே வரதட்சணைச் சீட்டு நடத்திய மேதைகள். பஞ்சுத் தூசியில் மூச்சு முட்டிப் பாதியில் வெளியே வந்தவள் மொத்தப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். 2011-இல் நெதர்லாந்திலிருந்து அறிக்கை வந்து வெளிநாட்டு பிராண்டுகளுக்கு வியர்த்த பிறகுதான் பல இடங்களில் அந்தப் பெயரைச் சொல்லவே கூச்சம் வந்தது. தாலிக்குத் தங்கம் கொடுத்துக்கொண்டிருந்த அரசும் 2022-இல்தான் அதைப் புதுமைப்பெண் திட்டமாக்கி, படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் என்று மாற்றியது. நல்ல காரியம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, ராக்கெட்டை விடுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வாருங்கள். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊரில், ஓவர்லாக் மெஷினில் பத்து வருடமாக உட்கார்ந்திருக்கும் அக்காவைப் பாருங்கள். சத்தம் கொஞ்சம் மாறினாலே லூப்பர் டைமிங் போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். தையல் விடுவதற்கு முன்பே காலை எடுத்துவிடுவார். அதற்கு மேல் ஒரு திருகாணியைத் தொடக்கூடாது! கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். போன வருடம் வேலைக்குச் சேர்ந்த மெக்கானிக் தம்பி, டீ குடித்துவிட்டு ஸ்பேனரோடு வந்து, "என்னக்கா பண்ணி வெச்சீங்க?" என்று கேட்பான். பீஸ் ரேட்டில் தைக்கிற அக்காவுக்கு அந்த அரை மணி நேரக் கூலி போச்சு. தம்பிக்கு மாதச் சம்பளம், நின்றாலும் நடந்தாலும். பிசிறு வெட்ட, செக்கிங் பார்க்க, மடிக்க, பேக்கிங் போட எல்லாம் பெண்கள். நிட்டிங், டையிங், கட்டிங், ஃபிட்டர் என்றால் ஆண்கள். கேட்டால், "பொம்பளைக்கு மெஷின் வராதுங்க" என்கிறார்கள். எட்டு மணி நேரம் அந்த மெஷினை ஓட்டிக்கொண்டிருப்பது யாராம்?

செக்கிங் டேபிளுக்கும் இஸ்ரோவுக்கும் நடுவில் ஆயிரம் படி இருக்கிறது. ஐ.டி.ஐ. ஃபிட்டர், டிப்ளமோ, சாய லேப், மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். அதையெல்லாம் அடைத்து வைத்துக்கொண்டு மேலே கையைக் காட்டி "பறந்து போ கண்ணு" என்கிறவனுக்குப் பெயர் புரவலர் அல்ல, எத்தன்.

புரவலரே, வரும் மார்ச் 8-க்கு மேடை வேண்டாம், லட்டும் வேண்டாம். உங்கள் கம்பெனி மெக்கானிக் வேலைக்கு இரண்டு பெண்களை எடுங்கள். தம்பிக்குக் கொடுக்கும் சம்பளத்தையே அவர்களுக்கும் கொடுங்கள்.