அஞ்சலி எழுதப் போற மருமவனுக்கு

வா மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரு. அந்தப் பட்டாளத்துக்காரரு போய்ச் சேந்துட்டாரு, காரியத்தன்னைக்குக் குடுக்க நினைவு மலர் போடணும், மொத வரி மாமா சொல்லணும்னு கேக்க. மொத வரிய நீ வீட்டுலயே எழுதிட்டுத்தான வந்திருக்க? 'தெய்வ பக்தி மிக்கவர், தேசத்துக்கு உழைத்தவர், குடும்பத்தைக் கண்ணெனக் காத்தவர்.' நல்லாருக்குல. பத்திரமா மடிச்சு வச்சுக்கோ. அடுத்து எவன் செத்தாலும் பேர மட்டும் மாத்திப் போட்டுக்கலாம், அச்சுக்கூலியும் கொறையும்.

அமெரிக்காவுல ஆல்வின் யார்க்குன்னு ஒருத்தர் இருந்தாரு. நீ எழுதியிருக்கியே மூணு பட்டம், மூணும் அவருக்குத் தைச்ச சட்டை மாதிரி பொருந்தும். ஆனா கதைய உள்ளபடி சொன்னா பாதிப் பேரு, 'இவரா பக்திமான்?'னு முறைப்பான். டென்னசி மாநிலத்துல பால் மால்னு மலையடிவாரக் கிராமம். 1887-ல பொறப்பு, பதினோரு பிள்ளைகள்ல மூணாவது. பள்ளிக்கூடம் பேருக்கு. துப்பாக்கி மட்டும் கையோட ஒட்டிக்கிட்டே வளந்தது. வாலிபத்துல என்ன பண்ணினாரு? குடிச்சாரு, சூதாடினாரு, அடிதடி பண்ணினாரு. ஒரு கூட்டாளி அடிதடியில செத்ததும் ஆளு ஆடிப்போயிட்டாரு. 1915 தொடக்கத்துல மனந்திரும்பி ஒரு சின்ன சபையில சேந்தாரு, குடிய விட்டாரு. நீ எழுதப் போறவரும் மாலை போடுறதுக்கு முந்தி மிலிட்டரி ரம்முல நீந்துனவருதான, ஊருக்கே தெரியும். அத விட்டுட்டு எழுதினா, அவரு விட்டது என்னன்னு எவனுக்குத் தெரியும்?

அந்தச் சபையில சண்டை கூடாது, கொலை பாவம். 1917-ல மொத உலகப் போருக்குப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்காங்க. விலக்கு வேணுமான்னு தாளுல கேட்டிருந்த எடத்துல, சண்டை போட இஷ்டமில்லன்னு எழுதிக் குடுத்தாரு மனுசன். மனு தள்ளுபடி. ஆளக் கொண்டு போயி 82-வது டிவிசன்ல சேத்துட்டாங்க. அங்கதாம்ல வேடிக்கை. மேஜர் பக்ஸ்டன்னு மேலதிகாரி. அதிகாரின்னா என்ன செய்வான், நாலு ஏச்சு ஏசி ஓட விடுவான்ம்பியே? இவரு பைபிளத் தொறந்து வச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் வாதாடுதாரு. நீ ஒரு வசனம், நான் ஒரு வசனம். முடிவாகல. பத்து நாள் லீவு குடுத்து, ஊருக்குப் போயி யோசிச்சுட்டு வான்னுட்டாரு. யார்க்கு மலை மேல ஏறி ஜெபம் பண்ணிட்டு எறங்கி வந்து, 'சரி, போறேன்'ன்னாரு. ஒங்க ஆபீசுல ஒரு நா லீவுக்கு நீ எத்தன பாட்டிய சாகடிச்சிருக்க, நெனச்சுப் பாரு.

1918 அக்டோபர் 8. பிரான்சுல ஆர்கான் காடு. பதினேழு பேரு எதிரிக்குப் பின்பக்கமா போயி மெஷின் கன்னு மாட்டுன எடத்துல சிக்கிட்டாங்க. ஆறு பேரு செத்தாச்சு, மூணு பேருக்குக் காயம். கார்ப்பரலு யார்க்கு தலையில பொறுப்பு விழுந்துட்டு. துப்பாக்கி நுனியில ஈட்டியச் செருகிக்கிட்டு ஒரு வரிசை ஜெர்மன்காரன் ஓடி வாரான். நீயா இருந்தா முன்னால வாரவனச் சுடுவ. அவரு கைத்துப்பாக்கிய எடுத்து கடைசில வாரவனச் சுட்டாரு, அப்புறம் அவனுக்கு முன்னால உள்ளவன. ஏன்ங்க? ஊருல காட்டு வான்கோழி சுட்ட பழக்கம். முன்னாலது விழுந்தா பின்னாலது கலைஞ்சிரும். பின்னாலது விழுந்தா முன்னால போறதுக்குத் தெரியாது. கடைசியில 132 பேரக் கைதியாக் கூட்டிட்டு வந்து நிக்காரு. ஜெர்மன் பட்டாளத்தையே புடிச்சிட்டியாமேன்னு தளபதி கேட்டதுக்கு, அவ்வளவு இல்லங்க, 132-தான்னாராம். நீ மலருல 'எண்ணற்ற எதிரிகளை'ன்னு எழுதியிருக்க பாரு, அத மொதல்ல அடி.

ஊரு திரும்பினாரு. சினிமாக்காரன், விளம்பரக்காரன், நாடகக்காரன் எல்லாம் பெட்டியத் தொறந்து வச்சுக்கிட்டு நிக்கான். உடுப்ப வித்துப் பொழைக்க மாட்டேன்னு சொல்லிட்டு, 1919 ஜூன் 7-ல கிரேசிங்கிற பிள்ளையக் கட்டிக்கிட்டாரு. மாநில ஆளுநரே நடத்தி வச்ச கல்யாணம். பிள்ளைங்க பேரக் கேட்டியா? ஒருத்தனுக்கு உட்ரோ வில்சன், ஒருத்தனுக்கு ஆண்ட்ரூ ஜாக்சன், ஒருத்தனுக்கு தாமஸ் ஜெபர்சன். வீட்டுக்குள்ள கூப்பிட்டா சட்டசபை கூடுன மாதிரி இருந்திருக்கும். ஒரு பையனுக்கு, ராத்திரி முழுக்க வாதாடுன அந்தப் பக்ஸ்டன் பேரு. தோத்த ஆளு ஜெயிச்சவன் பேரத் தன் பிள்ளைக்கு வைக்கிறது லேசுப்பட்ட காரியமில்ல, கேட்டியா. ஒங்க பெரியப்பன் வரப்புத் தகராறுல தோத்து முப்பது வருசமாச்சு, இன்னும் அந்த வீட்டுப்பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேங்காரு.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வாரேன். வீரன் வந்துட்டான், பண்ணை வாங்கித் தாரோம்னு நாஷ்வில் ரோட்டரிக்காரங்க வசூல் பண்ணினாங்க. கைதட்டு நெறைய விழுந்துச்சு, காசு தேறல. பாதி பண்ணையும் மீதிக் கடனும் அவரு தலையில. அந்தக் கடனோட, மலைப்பிள்ளைங்க படிக்கணும்னு ஜேம்ஸ்டவுன்ல பள்ளிக்கூடம் தொடங்கி, பஸ்ஸுக்காகப் பண்ணையையே அடமானம் வச்சாரு. தன் கதைய சினிமா எடுக்க வேண்டாம்னு இருவது வருசம் சொன்னவரு, பைபிள் பள்ளிக்கூடம் கட்டணும்னுதான் கடைசில சரின்னாரு. கேரி கூப்பர்தான் நடிக்கணும், மனைவியா வாரவ சிகரெட் குடிக்கக் கூடாதுன்னு நிபந்தனையாம். 1941-ல படம் ஓடு ஓடுன்னு ஓடுச்சு, கூப்பருக்கு ஆஸ்கார். யார்க்குக்கு வரி நோட்டீசு. வட்டியோட சேத்து 1,72,000 டாலருக்கு மேல. பத்து வருசம் கேட்டாங்க, நடுவுல மனுசன் வாதத்துல படுத்த படுக்கையான பொறவும் விடல. 1961-ல 25,000 போதும்னு எறங்கி வந்தாங்க, அதையும் நாடாளுமன்ற சபாநாயகர் சாம் ரேபர்ன் மாதிரி ஆளுக ஊருகூடி வசூல் பண்ணித்தான் கட்டுனாங்க. 1964 செப்டம்பர் 2-ல கண்ண மூடினாரு. சனாதிபதி சார்பா ஜெனரல் ரிட்ஜ்வே அடக்கத்துக்கு வந்து நின்னாரு. மரியாதைக்கு ஒண்ணும் கொறச்சலில்ல.

அதனால, மலருக்கு வசூலுக்குக் கௌம்புறியே, கௌம்பு. போற வழியில அந்தப் பட்டாளத்துக்காரரு சம்சாரத்தப் பாத்துட்டுப் போ. குடும்பப் பென்ஷனுக்கு எழுதிப் போட்டாச்சான்னு கேளு. கடன் கிடன் உண்டான்னு மருமவள விட்டுத் தனியா கேக்கச் சொல்லு, ஒங்கிட்ட சொல்ல மாட்டா. அதுக்கு வழி பண்ணிட்டு, மிச்சம் இருந்தா நாலு பக்கம் அச்சடி. பின்னட்டையில ஒன் போட்டோவ எவ்வளவு பெருசாப் போடலாம்னு அப்புறமா உக்காந்து பேசுவோம்.