சார் ஆகிவிட்ட பேராண்டிக்கு

ஏய்யா பேராண்டி, நீ டீம் லீடராகி ஒரு வருசமாகப் போகுது, உங்கம்மா இன்னும் தெருவுக்கு லட்டு குடுத்து முடிக்கல. எனக்குச் சர்க்கரைங்கிறதால அரை லட்டுதான். மீதி அரைக்குப் பதிலா உனக்குப் புத்திமதி சொல்லலாம்னு திண்ணையில உக்காந்துருக்கேன். கேக்கப் பிடிக்கலன்னா, மீட்டிங்குல பண்ணுவியே, அதே மாதிரி போனைக் காதுல வச்சுக்கிட்டு "ஆமா, ஆமா"ன்னு சொல்லிக்கிட்டு இரு. எனக்கென்ன தெரியவா போகுது.

உன் போட்டோவைப் பாத்தேன். சுத்துற நாற்காலி, கண்ணாடி ரூம், பின்னால செவுத்துல நீ சிரிச்சுக்கிட்டு நிக்குற இன்னொரு போட்டோ. உனக்கு 'ஓப்பன் டோர் பாலிசி'யாம், எவன் வேணாலும் எப்ப வேணாலும் உள்ள வரலாமாம். நல்ல காரியம்தான். ஆனா கதவைத் திறந்து வச்சா ஏசிக் காத்துதான் வெளிய போகும். ஆள் உள்ள வாரது கதவைப் பாத்து இல்லய்யா, மூஞ்சியைப் பாத்து.

கோயில் கொடைக்கு வந்தப்ப உன்கிட்ட கேட்டேன், வேலையெல்லாம் எப்படிப் போகுதுய்யான்னு. "சூப்பர் தாத்தா. பதினோரு பேரு, ஒரு பிரச்சினை கிடையாது, ஒருத்தன் ஒரு குறை சொன்னதில்ல"ன்னு நெஞ்சை நிமித்திச் சொன்ன. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. பதினோரு பேரு வேலை பாக்குற இடத்துல குறையே இல்லைன்னா என்ன அர்த்தம்? ஒண்ணு, அங்க வேலையே நடக்கல. இல்லைன்னா உன் காதுக்கு மட்டும் சேதி வரல. நீ சம்பளம் வாங்குறதைப் பாத்தா வேலை நடக்குதுன்னுதான் தோணுது.

நான் தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்குப்பிள்ளையா இருந்தவன். உனக்கு ஆபீஸ்னா கம்ப்யூட்டர், எங்களுக்கு ஆபீஸ்னா அது ஒண்ணுதான். காலையில பொம்பளையாளுக வந்து தரையில உக்காந்து கட்டை அடுக்குவாக, அதாவது கட்டைச் சட்டத்துல குச்சியை வரிசையா ஏத்துவாக. கட்டைக்கு இவ்வளவுன்னு கூலி. அடுக்குன குச்சியை மெழுகுல முக்கி, மருந்துல முக்கி, காயப்போட்டு, பெட்டிக்குள்ள அடைச்சு, லேபிள் ஒட்டி, பண்டல் கட்டி லாரி ஏத்தணும். கரிசக்காட்டுல மழை கம்மி, வெயில் ஜாஸ்தி. அதனாலதான் இந்தத் தொழிலே நம்ம பக்கம் வேர் பிடிச்சுது. ஐப்பசி அடைமழையிலதான் சிக்கல். மருந்து காயாது, குச்சி நமுத்துரும்.

எங்க முதலாளிக்குத் தொண்டை பெருசு. கெட்ட சேதி எவன் கொண்டுபோனாலும் சேதியை விட்டுட்டு கொண்டுபோனவனைத்தான் பிடிப்பாரு. "உன்னை எதுக்குய்யா இங்க வச்சிருக்கு?"ன்னு ஆரம்பிச்சார்னா அவனோட தாத்தன் காலத்துக் கடன் வரைக்கும் வந்துதான் நிப்பாரு. ஒரு மழைக்காலத்துல ஒரு லோடு பூராவும் நமுத்த குச்சி. முக்குறவனுக்குத் தெரியும், அடைக்குற பிள்ளைகளுக்குத் தெரியும், வாசல்ல டீ கொண்டாந்து குடுக்குற பயலுக்குக்கூடத் தெரியும், ஏன்னா அவன் ஒரு பெட்டியை எடுத்து அடுப்புப் பத்தவைக்கப் பாத்து வெறுத்துப் போயிருந்தான். முதலாளிக்கு மட்டும் தெரியாது. லோடு வடக்க போச்சு, போன வேகத்துல திரும்பியும் வந்துச்சு. "ஒரு பயலும் எங்கிட்ட சொல்லலையே"ன்னு மனுசன் தலையில கைவச்சு உக்காந்துட்டாரு. சொல்லலதான். சொன்னவன் கதி என்னன்னு எல்லாருக்கும் தெரியுமே.

அங்க இருந்து நான் வேற ஆபீஸுக்குப் போயிட்டேன். அங்க கட்டை அடுக்குற பக்கத்துக்கு மேற்பார்வை பாத்தது ஒரு அம்மா. எழுத்து வாசிக்கத் தெரியாது, கைநாட்டுதான். ஆனா கட்டையைக் கையில வாங்கி விரலால ஒரு தடவு தடவுனாப் போதும், எங்க குச்சி ஏறல, எது கோணலா நிக்குதுன்னு சொல்லிரும். ஒருநாள் ஒரு சின்னப் பொண்ணு நடுங்கிக்கிட்டே ஓடிவந்து, "அக்கா, கட்டையெல்லாம் சரிஞ்சுபோச்சு"ன்னுச்சு. நான் பேனாவை மூடி வச்சிட்டு வேடிக்கை பாக்கத் தயாராயிட்டேன். அந்தம்மா "யாரு?"ன்னு கேக்கல. "எத்தனை கட்டை?"ன்னு கேட்டுச்சு. எழுந்திரிச்சுப் போச்சு, நாலு பேரைக் கூப்பிட்டுச்சு, திரும்ப அடுக்க ஆரம்பிச்சுட்டாக. யாரு, ஏன், எப்படிங்கிறதெல்லாம் சாயங்காலம் ஆளு கலைஞ்ச பெறகு, ஓரமா, தனியா. அந்தப் பக்கத்துல எது தப்பாப் போனாலும் வெத்தலையை மெல்லுறதுக்குள்ள அந்தம்மாவுக்குச் சேதி போயிரும். அந்த ஆபீஸ்ல இருந்து ஒரு லோடு திரும்பி வந்து நான் பாத்ததில்ல.

நீ படிச்ச பயலாச்சே, இதுக்கெல்லாம் கட்டை அடுக்குற பொம்பளையச் சொல்லுதாரே தாத்தான்னு நெனைப்ப. சரி, ராக்கெட்டுக்கு வாரேன். 1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவுல விட்ட எஸ்எல்வி-3 வங்காள விரிகுடாவுல விழுந்துச்சு. திட்டத்துக்குப் பொறுப்பு நம்ம ராமேசுவரத்து அப்துல் கலாம். பத்திரிகைக்காரங்க முன்னால போயி உக்காந்து தோல்விக்குப் பொறுப்பேத்துக்கிட்டது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல ராக்கெட் ஜெயிச்சப்போ, "நீ போயி பேசு"ன்னு கலாமை அனுப்பி வச்சாராம். கலாமே ஊர் ஊராச் சொன்ன கதை இது. நீயே எனக்கு வாட்ஸப்புல இதை எத்தனையோ தடவை அனுப்பியிருக்க, பின்னணியில சூரியன் உதிக்கிற படத்தோட. நான் கேக்குறது வேற. அன்னைக்கு தவான் "கலாம்தான் காரணம்"னு கையைக் காட்டியிருந்தா, அடுத்த ராக்கெட்டுல ஒரு வால்வு கசியுதுன்னு எந்த இன்ஜினியராவது வாயைத் திறந்திருப்பானா? எல்லாரும் தவானோட நல்ல மனசைத்தான் பேசுதாக. அது நல்ல மனசு மட்டும் இல்லய்யா, நல்ல கணக்கு. போன மாசம் உன் ஆளு ஒருத்தன் பண்ணின தப்புக்கு மேலிடத்துக்கு மெயில் போட்டியே, அதுல அவன் பேரைக் கொட்டை எழுத்துல போட்டியாமே? உன் கூட்டாளி ஊருக்கு வந்தப்ப சொன்னான். சூரியன் படத்தை இனிமே அனுப்பாத.

அப்புறம் தொழிலைக் கத்துக்கோ. மேனேஜருக்கு மேனேஜ் பண்ணத் தெரிஞ்சாப் போதும்னு உங்க கிளாஸ்ல சொல்லிக் குடுத்துருப்பாக. சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-கள்ல கல்கத்தா வரைக்கும் போயி, தீப்பெட்டி எப்படிப் பண்ணுறதுன்னு கத்துக்கிட்டு வந்துதான் இங்க தொழில் ஆரம்பிச்சாக. கையில மருந்து ஒட்டாம முதலாளி ஆனவுக இல்ல. உன் ஆளு ஒரு வேலைக்கு நாலு நாள் ஆகும்னு சொன்னா, அது மெய்யா புளுகான்னு உனக்குத் தெரியணும். தெரியாதவன் என்ன பண்ணுவான்? எல்லாத்தையும் "ரெண்டு நாள்ல முடி"ம்பான். அடுத்த தடவை அவன் எட்டு நாள்னு சொல்லுவான். நீங்க ரெண்டு பேரும் பேசுறது வேலையில்ல, மாட்டுச் சந்தை.

நீ பேசுன பேச்சுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது, "நாங்க எல்லாம் ஒரே குடும்பம் தாத்தா"ன்னு சொன்னதுதான். ஏய்யா, நம்ம குடும்பத்துல உன் பெரியப்பனும் சித்தப்பனும் வரப்புத் தகராறுல கோர்ட்டுக்குப் போயி வருசக்கணக்காகுது. அந்தக் குடும்பமா?

குடும்பத்தை வச்சே வேலை பாத்த ஒரு மனுசனைச் சொல்லுதேன். எட்டயபுரம் பக்கத்துல வடமலாபுரம், தெரியும்ல? அந்த ஊர்ல 1918-ல பொறந்தவரு டாக்டர் வெங்கடசாமி. பட்டாளத்துல டாக்டரா இருந்தவருக்கு முடக்குவாதம் வந்து கைவிரல் பூராவும் கோணிப்போச்சு. வேலையை விட்டு அனுப்பிட்டாக. வேற ஒருத்தன்னா வீட்டோட இருந்திருப்பான். இவரு கண் டாக்டருக்குப் படிச்சு, அந்தக் கோணல் விரலைக் கத்தி பிடிக்கப் பழக்கி ஆபரேஷன் பண்ணினாரு. அரசு வேலையில இருந்து 58 வயசுல ரிட்டயர் ஆன கையோட, 1976-ல மதுரையில 11 படுக்கையை வச்சு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சாரு. தங்கச்சி, தங்கச்சி மாப்பிள்ளை, தம்பி எல்லாரும் கூட. இன்னைக்கு அது எவ்வளவு பெருசுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, நம்ம தெருவுல பாதிக் கண்ணு அவுக பாத்த கண்ணுதான்.

எனக்கும் அங்கதான் புரை எடுத்தாக. மரத்துப்போக ஊசி போட்டுட்டாலும் காது கேக்கும்ல, கேட்டுக்கிட்டே படுத்துக் கிடந்தேன். ஒரே அறையில பக்கத்துப் பக்கத்துல மேசை. ஒரு மேசையில டாக்டர் வேலை பாத்துக்கிட்டு இருக்கும்போதே அடுத்த மேசையில அடுத்த ஆளைத் தயார் பண்ணி வச்சிருவாக. இங்க முடிஞ்சதும் டாக்டர் அங்க திரும்பிக்கிட வேண்டியதுதான். தயார் பண்ணுறது யாரு? நம்மூர் மாதிரி ஊர்கள்ல பிளஸ் டூ முடிச்ச பொண்ணுக. ரெண்டு வருசம் பயிற்சி குடுத்து வச்சிருக்காக. "தாத்தா, உங்க பேரு என்ன? எந்தக் கண்ணு?"ன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. முன்னாலயே ரெண்டு பிள்ளைக கேட்டாச்சேன்னேன். "நானும் கேக்கணும் தாத்தா"ன்னுச்சு. அந்தப் பிள்ளை சரின்னு சொன்ன பெறகுதான் டாக்டர் கையை வச்சாரு. அத்தனை படிச்ச டாக்டர் அந்தப் பிள்ளையோட ஒரு சொல்லுக்காக நிக்குதாரு.

உன் ஆபீஸ்ல நேத்துச் சேந்த பிள்ளை "சார், ஒரு நிமிசம், இது தப்பாத் தெரியுது"ன்னா நீ நிப்பியா? நின்னாலும் வாட்சைப் பாப்ப. அங்க டாக்டர்மாருக்கு ஆபரேஷன்ல என்ன சிக்கல் வந்துச்சுன்னு ஆள்வாரியாக் கணக்கு வைக்குதாக, தப்பை மறைக்காம எழுதி வச்சுப் பாடம் படிக்கிறதுக்கு. இன்னொண்ணும் கவனி. டாக்டருக்கு மட்டுமே தெரிஞ்ச வேலையை டாக்டர் பாக்குதாரு, மத்ததெல்லாம் பழகுன கையில விட்டாச்சு. நீ என்னடான்னா, உன் ஆளுக அனுப்புற ஒவ்வொரு மெயிலுக்கும் கமாவைத் திருத்திக்கிட்டு, "எனக்கு மூச்சுவிட நேரமில்ல தாத்தா"ங்குற. உனக்கு எங்க நேரம் இருக்கும், பதினோரு பேரு வேலையையும் நீயே மோந்து பாத்துக்கிட்டு இருந்தா?

பாம்பன் பாலத்தைச் சொல்லாம விட்டா எனக்குச் சோறு இறங்காது. 1964 டிசம்பர்ல தனுஷ்கோடியை அழிச்ச புயல் பாலத்துக் கர்டரையெல்லாம் கடலுக்குள்ள தள்ளிருச்சு. ஆறு மாசத்துல சரி பண்ணணும்னாக, பெறகு மூணு மாசமாக் குறைச்சாக. பொறுப்பு குடுத்தது 32 வயசு ஸ்ரீதரன் கையில, பின்னால டெல்லி மெட்ரோ கட்டுனாரே அவரேதான். கடல்ல கிடந்த கர்டரையே தேடி எடுத்து மாட்டி 46 நாள்ல ரயில் விட்டாரு. கர்டர் எங்க கிடக்குன்னு துப்பு சொன்னது மீன்பிடிக்கிற ஆளுகன்னு சொல்லுவாக. எனக்கு அந்த 46 நாளைவிட அதுதான் பெருசாத் தெரியுது. நீயா இருந்தா அந்த மீன்காரரை ரிசப்ஷன்ல உக்காரவச்சு, "அப்பாயின்ட்மென்ட் இருக்கா?"ன்னு கேட்டிருப்ப.

கோவப்படாத. உனக்குச் சீக்கிரம் பெரிய பதவி வேணும்னா அதுக்கும் என்கிட்ட வழி இருக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு மெயில் போடு. மீட்டிங்குல மத்தவன் சொன்ன யோசனையைக் கொஞ்சம் இங்கிலீசு கலந்து நீயே திரும்பச் சொல்லு. மாசம் ஒரு பிறந்தநாள் கேக் வெட்டி எல்லார் மூஞ்சியிலயும் பூசு. மேல இருக்குறவன் சிரிச்சா அவனுக்கு முந்தி சிரி. இதெல்லாம் பண்ணி மேல போனவுகளை நான் பாத்துருக்கேன். எங்க முதலாளிக்குக்கூட சங்கத்துல தலைவர் பதவி குடுத்து மாலை போட்டாக. குச்சி மட்டும்தான் பத்தல.

இல்ல தாத்தா, எனக்கு நெசமாவே வேலை நடக்கணும்னு சொன்னா, திங்கக்கிழமை மீட்டிங்குல "எல்லாம் நல்லாப் போகுதா?"ன்னு கேக்காத, "எது ஆடிக்கிட்டு இருக்கு?"ன்னு கேளு. கேட்டுட்டு வாயை மூடு. முதல் வாரம் ஒருத்தனும் பேசமாட்டான். ரெண்டாவது வாரம் எவனாவது சின்னதா ஒண்ணைச் சொல்லி ஆழம் பாப்பான். அங்கதான் உன் மூஞ்சியை எல்லாரும் பாப்பாக. "யாரு?"ன்னு கேட்ட, போச்சு, அடுத்த வருசம் வரைக்கும் உனக்கு 'சூப்பர் சார்'தான். "எத்தனை கட்டை?"ன்னு கேளு.

தீபாவளி வருது. லீவு கேட்டு உன் ஆளுக வரிசையில நிப்பாக. அவுகளுக்கெல்லாம் குடுத்து முடிச்சிட்டு மிச்சம் இருந்தா நீ எடுத்துக்கோ. டிக்கெட் கிடைக்கலைன்னா நெல்லை எக்ஸ்பிரஸ்ல பொதுப்பெட்டியில ஏறி நின்னுக்கிட்டே வா, கோவில்பட்டிக்கு விடியக்காலம் உன் சித்தப்பன் வண்டி எடுத்துக்கிட்டு வருவான்.