எல்லை தாண்டிய தாயும் ஐந்து லிட்டர் தண்ணீரும்: அம்பத்தூர் – சுருட்டப்பள்ளி ஒருநாள் பயண முன்னேற்பாடு, ஓர் ஆய்வு

1. முன்னுரை

தொல்காப்பியத்தில் தொடங்காத ஆய்வுக்கட்டுரை நம்மிடையே கிடையாது. ஆகவே இதுவும் அங்கேதான் தொடங்குகிறது. அம்மாவும் மகளும் காலையில் கிளம்பிச் சுருட்டப்பள்ளி போய்ச் சாயங்காலம் திரும்புவது பற்றித் தொல்காப்பியத்தில் ஒன்றும் இல்லை. முன்னுரை முடிந்தது.

இதை எழுதுகிறவள் ஆவடியில் வீட்டிலிருந்தபடி மெய்ப்புத் திருத்திப் பிழைக்கிறவள். கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்புகள்தான் வரும். சென்ற மாதம் மட்டும் 62 கட்டுரைகள். ‘சங்க இலக்கியத்தில்’ என்று எழுதிவிட்டு அடுத்து எதை வைத்தாலும் ஒரு கட்டுரை தேறும் என்பதை இத்தொழிலில் கற்றேன்: உப்பு, செருப்பு, மனிதவள மேம்பாடு. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வாழ்த்துரை அனுப்பிவிட்டால் அது பன்னாட்டுக் கருத்தரங்கம். அந்தக் கணக்கில், ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திரத்துக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் போகிற எங்களுக்குப் ‘பன்மாநில’ என்ற அடைமொழியையாவது தர வேண்டும்.

2. ஆய்வு எல்லை

ஆய்வேடுகளில் ‘எதையெல்லாம் நான் படிக்கவில்லை’ என்பதைக் கௌரவமாகச் சொல்லிக்கொள்ள ஏற்பட்ட தலைப்பு இது. என் ஆய்வில் எல்லை என்றால் நிஜமாகவே எல்லை. அது எங்கே இருக்கிறது என்பதுதான் வழக்கு.

பனம்பாரனார் தொல்காப்பியப் பாயிரத்தில் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் எல்லையாக வைத்தார். வேங்கடம் என்பது திருப்பதி மலை. சுருட்டப்பள்ளி அதற்கு வெகுவாக இந்தப் பக்கம். ஆகவே பனம்பாரனார் கணக்கில் நாங்கள் எல்லை தாண்டவே இல்லை. இதை அம்மாவிடம் சொன்னேன். “அவரு வந்து டிக்கெட் எடுப்பாரா?” (அம்மா, தொலைபேசி, ஞாயிறு இரவு).

1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணியே அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம், எல்லை நடுவர் படாஸ்கரின் பரிந்துரை, 1959இல் நாடாளுமன்றச் சட்டம் என்று சுற்றி வந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி திரும்பியது. பதிலுக்குச் சில ஊர்கள் அங்கே போயின. நடுவில் இருந்த அந்த ஆறரை ஆண்டில் ஆடிக் கிருத்திகைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு திருத்தணி போன அம்பத்தூர் அம்மாக்கள் எல்லாருமே மாநிலம் தாண்டியவர்கள்தான். ஒருத்தியும் அதைப் பற்றிக் கட்டுரை வாசிக்கவில்லை. முருகனைப் பார்த்தார்கள், படியிறங்கி வந்தார்கள்.

இதைவிட விந்தை, அம்மா உட்கார்ந்த இடத்திலேயே எல்லை தாண்டியது. 1979இல் கல்யாணமாகி அம்பத்தூருக்கு வந்தபோது அது செங்கல்பட்டு மாவட்டம். 1997இல் திருவள்ளூர் மாவட்டம். 2011இல் சென்னை மாநகராட்சி வந்து சேர்த்துக்கொண்டது. 2018இல் மாவட்டமும் சென்னையாயிற்று. இத்தனைக்கும் அடுப்பு மேடை ஓர் அங்குலம் நகரவில்லை. இன்றைக்கும் பாரிமுனைக்குப் போவதென்றால் “மெட்ராஸுக்குப் போறேன்” என்றுதான் சொல்கிறார். பாடி மேம்பாலம் தாண்டினால் அவருக்கு வெளியூர். ஆக எல்லை என்பது புலவர் எல்லை, சர்க்கார் எல்லை, அம்மா எல்லை என மூவகைப்படும் என்பது புலனாகிறது. (‘புலனாகிறது’ என்பதைப் பிறர் எழுதி எத்தனையோ முறை திருத்தாமல் விட்டிருக்கிறேன். நானும் ஒருமுறை எழுதிப் பார்க்க ஆசைப்பட்டேன்.)

3. முன்னாய்வுகள்

எங்கள் குடும்பத்தில் இத்துறையில் நடந்த முன்னாய்வு ஒன்றே ஒன்று. மாடிப்படியில் வழுக்கி மணிக்கட்டை ஒடித்துக்கொண்ட மாமா, கட்டுப் போட ஆந்திரத்துப் புத்தூர் போய் வந்தார். புத்தூர் கட்டுக்கென்று புத்தூருக்கே போக வேண்டியதில்லை, அந்தப் பலகை சென்னையிலேயே தெருவுக்குத் தெரு தொங்குகிறது என்பது தனி ஆய்வுக்குரியது. “ஏதாச்சும் ஒடிஞ்சாத்தான் அந்தப் பக்கம் போவாங்க” என்பது அன்று முதல் வீட்டில் நிலைபெற்ற கோட்பாடு.

4. மூலங்கள்

முதன்மை மூலம் அம்மா. துணைமை மூலம், புத்தூரில் வாழ்க்கைப்பட்ட பெரியம்மா. இருவரும் முரண்படும் இடங்களில் அம்மாவின் பாடமே கொள்ளப்பட்டது. காரணம், சாப்பாட்டு மூட்டை அவர் கையில். மேற்கோள்களில் ‘மேலது’ என்று வந்தால், அம்மா மேலே மொட்டை மாடியில் துணி காயப்போட்டபடி சொன்னது என்று கொள்க.

பிறர் எழுத்தை எடுத்தாளவில்லை என்ற உறுதிமொழியையும் இங்கேயே தருகிறேன். சென்ற மாதத் தொகுப்பில் இரு வேறு ஊர்க்காரர்கள் எழுதிய இரு கட்டுரைகளில் ‘கற்ப்பு’ என்ற ஒரே பிழை ஒரே பதினோரு இடங்களில் இருந்தது. ஆழ்ந்த கருத்தொற்றுமை. நான் திருத்திக் கொடுத்தேன். இருவருக்கும் சான்றிதழ் கிடைத்திருக்கும்.

5. இலக்கியப் பின்புலம்

இது இல்லாவிட்டால் தேர்வாளர் மனம் வருந்துவார். அகப்பாடல்களில் மகள் ஊரெல்லை தாண்டுவதற்கு உடன்போக்கு என்று பெயர். மகள் தலைவனோடு போய்விடுவாள். நற்றாய் வீட்டில் புலம்புவாள். செவிலி வழியில் எதிர்ப்படுவோரிடம் விசாரித்துக்கொண்டே தேடுவாள். தாயும் மகளும் சேர்ந்து கிளம்புவதற்கு ஒரு துறைகூட இல்லை. உரையாசிரியர்கள் கவனிக்காமல் விட்ட இடைவெளி இது. ‘மகளொடு போகும் தாய் மூட்டை கட்டல்’ என்ற புதுத்துறையை முன்மொழிகிறேன். திணை பாலை. நிலம், ஊத்துக்கோட்டை பேருந்து நிலையம். பொழுது, நண்பகல். கருப்பொருள், எவர்சில்வர் தூக்கு. தலைவன் கூற்று: “வீட்டுச் சாவி எங்க வச்ச?” (அப்பா, தொலைபேசி, இருமுறை).

6. கட்டணவியல்

அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் திருவள்ளூர், அங்கிருந்து பூண்டி வழியாகப் பேருந்தில் ஊத்துக்கோட்டை என்பது தடம். ரெட்ஹில்ஸ், பெரியபாளையம் வழி இன்னொன்று உண்டு. பெரியபாளையத்தைத் தாண்டும்போது பவானியம்மன் கோயிலில் இறங்காமல் போக அம்மாவால் முடியாது, இறங்கினால் அன்றைய ஆய்வு அங்கேயே முடியும் என்பதால் அது கைவிடப்பட்டது.

தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் காசு இல்லை. ஆந்திரத்தில் 2025 ஆகஸ்ட் 15 முதல் ஸ்த்ரீ சக்தி திட்டம். ஆனால் அந்த மாநிலத்துப் பெண்களுக்குத்தான், ஆதார் காட்டினால். பெரியம்மா இப்பக்கம் வந்தால் அந்தச் சலுகை செல்லாது. அம்மா அப்பக்கம் போனால் இந்தச் சலுகை செல்லாது. ஆக, அக்காவும் தங்கையும் சலுகை குறையாமல் சந்திக்கத் தக்க இடம் எல்லைக்கோடு ஒன்றுதான். பெரியம்மாவைச் சுருட்டப்பள்ளிக்கு வரச் சொன்னோம். “நான் வர்றேன், ஆனா நீங்க போன தடவ மாதிரி லேட் பண்ணா நான் திரும்பிருவேன்” (பெரியம்மா, வாட்ஸ்அப் குரல்பதிவு, 2 நிமிடம் 14 நொடி, முதல் நிமிடம் முழுக்கக் குக்கர்). போன தடவை என்பது 2009.

7. பிற

சேலை: நூல் சேலை. சோறு: புளிசோறு. தடா அருவி: “வழுக்கும்.” காளஹஸ்தி: “கூட்டம்.” திருப்பதி: “அதுக்கு ஒருநாளா?” நாகலாபுரம் இன்னும் சற்றுத் தள்ளி. கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாம்பாளின் பெயரால் அமைத்த ஊர் என்பார்கள். அம்மாவுக்காக ஊரையே எழுப்பிய மகன்! நான் அம்மாவுக்காக ஒருநாள் விடுப்பு எடுத்தேன். நேரமில்லை என்று நாகலாபுரத்தை விலக்கியதும் நான்தான்.

8. நீரியல்

இந்த இயல் நீளும். திட்டமிடலின் பெரும்பகுதி இதில்தான் போயிற்று.

தேதி முடிவாகும் முன்பே அம்மா அறிவித்தார்: “தண்ணி நம்ம வூட்லேர்ந்துதான். ஆந்திராத் தண்ணி நமக்குச் சேராது” (மேலது, போர்வை பிழிந்தபடி). அளவு 5 லிட்டர். கலம், மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிய நல்லெண்ணெய் கேன். சுமப்பவர், ஆய்வாளர்.

சான்று கேட்டேன். தலபுராணத்திலிருந்தே கொடுத்தார். சுருட்டப்பள்ளியில் பாற்கடல் நஞ்சைக் குடித்த சிவன், பார்வதியின் மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்டிருக்கிறார். மற்றச் சிவன் கோயில்களில் லிங்கமாகவே பார்த்துப் பழகியவரை இங்கே பெருமாள் போலப் படுத்த கோலத்தில் பார்க்கலாம். பள்ளிகொண்டேஸ்வரர் என்று திருநாமம். “வெளியில கண்டதக் குடிச்சா என்னா ஆவும்னு அங்கயே போய்ப் பாரு. சாமியே படுத்துட்டாரு” (அம்மா, கத்தரிக்காய் நறுக்கியபடி, எதிர்வீட்டு அக்கா வழிமொழிந்தது, மூன்றாம் விசிலுக்குப் பின் திருத்திய பதிப்பு). சுரர்கள் கூடிய இடமாதலால் சுருட்டப்பள்ளி என்பது கோயில் வழக்கு. களைத்துச் சுருண்டு படுத்த பள்ளி என்பது அம்மா வழக்கு. சொல்லாராய்ச்சி என்ற பெயரில் நான் திருத்திக் கொடுக்கும் பல பக்கங்களைவிட இது நம்பும்படி இருக்கிறது.

மறுதரப்புச் சான்றை இப்போது வைக்கிறேன். 1983 ஏப்ரல் 18 அன்று எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி கிருஷ்ணா நதியிலிருந்து ஆண்டுக்கு 12 டி.எம்.சி. தண்ணீர் நம் எல்லைக்கு வந்து சேர வேண்டும். மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் ஆளுக்கு 5 தர, மொத்தம் 15. அதில் 3 வழியிலேயே ஆவியாகிவிடும் என்று கணக்கிலேயே எழுதிவிட்டார்கள். கண்டலேறு அணையில் கிளம்பும் கால்வாய் 152 கிலோமீட்டர் ஓடி, ஊத்துக்கோட்டை அருகே தாமரைக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அந்த இடத்துக்குப் பெயர் ஜீரோ பாயிண்ட். முதல் தண்ணீர் 1996இல் வந்தது. அங்கிருந்து பூண்டி, 1944இல் கட்டிய சத்தியமூர்த்தி சாகர். பூண்டியிலிருந்து ஒரு பக்கம் அம்பத்தூரை ஒட்டிய புழல் ஏரி, இன்னொரு பக்கம் பூந்தமல்லியை ஒட்டிய செம்பரம்பாக்கம் ஏரி. பிறகு குழாய். பிறகு அம்மாவின் சமையலறை. பிறகு நல்லெண்ணெய் கேன்.

அதாவது, ஆந்திரத்திலிருந்து ஊத்துக்கோட்டை வழியாக வந்த தண்ணீரை, ஆந்திரத் தண்ணீர் சேராது என்பதற்காக, ஊத்துக்கோட்டை வழியாகவே ஆந்திரத்துக்குச் சுமந்து போகிறோம். ஒரு டி.எம்.சி. ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். அம்மா தினம் ஒருமுறை 5 லிட்டராகத் திருப்பிக் கொடுத்தால், ஓராண்டு ஒதுக்கீடான 12 டி.எம்.சி.யை அடைக்கச் சுமார் 18 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகும். ஆவியாவதைக் கழிக்கவில்லை.

இதை முழுக்க விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

“நான் பொறந்தது திருத்தணிடி. அம்பத்தெட்டுல. அப்ப அது ஆந்திரா. என்ன யாராச்சும் சேராதுன்னு சொன்னாங்களா? இங்க வந்துட்டேன், இந்த ஊருக்காரி ஆயிட்டேன். தண்ணியும் அப்புடித்தான். இங்க வந்துட்டா நம்ம தண்ணி” (அம்மா, அடுப்படி மேடை, ஒரு கை இடுப்பில், ஒரு கையில் கரண்டி, சாட்சி, அப்பா, அப்பா செய்தித்தாளை இறக்காததால் சாட்சியம் பகுதியளவே ஏற்கப்பட்டது, ரசம் பொங்கியதால் பிற்பகுதி சிதைவு).

படாஸ்கர் கையில் இருந்த கோப்பிலும் இத்தனை தெளிவாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கருதுகோளை நான் மாற்றிக்கொண்டேன். கேனைத் தூக்கவும் ஒப்புக்கொண்டேன்.

9. களஆய்வு

பிரதோஷத்தைத் தவிர்த்து ஒரு வியாழக்கிழமை போனோம். காலை ஆறு மணிக்கு அம்பத்தூர் ரயில் நிலையம். பூண்டியைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் அம்மாவை உட்கார வைத்தேன், தூங்கிவிட்டார். எல்லையில் பலகையின் எழுத்து மாறியது, பேருந்தின் நிறம் மாறியது. கடைக்காரர் தமிழில் பேசினார். பெரியம்மா எங்களுக்கு முன்பே வந்து கோபமாக உட்கார்ந்திருந்தார். தரிசனம் நன்றாக நடந்தது. மரகதாம்பிகை சந்நிதியில் அக்காவும் தங்கையும் அரைமணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பது தரவுகளில் இல்லை. என்னைப் பிரசாதம் வாங்க அனுப்பிவிட்டார்கள்.

மர நிழலில் புளிசோறு. சாப்பிட்டபின் கேனை நீட்டினேன். அம்மா வேண்டாமென்று தலையாட்டினார். பெரியம்மாவும் அப்படியே. வெயில் மண்டையைப் பிளந்தது.

“குடிம்மா. அஞ்சு லிட்டர் தூக்கிட்டு வந்திருக்கேன்.”

“குடிச்சா எங்கடி போறது?”

வரும் வழியில் ஓரிடத்தில் ஒரு கழிப்பறையின் கதவைத் திறந்து பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு மூடியிருந்தார். அதற்குப் பிறகு திரும்பும் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. வீட்டில் கிளம்பும்போதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நானும் காலையிலிருந்து குடித்திருக்கவில்லை. அதை நான் தரவாகவே பதிவு செய்யவில்லை, பழக்கம்.

சேருமா சேராதா என்று ஒரு வாரம் வாதாடிய தண்ணீரைக் குடிக்கும் எண்ணம் மூவரில் ஒருவருக்கும் இருந்ததில்லை. வடவெல்லை பற்றி வந்த ஆய்வுகளில் நான் பார்த்தவற்றுள் எதிலும் இந்தச் செய்தி இல்லை. எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வழியில் எந்த மரத்தடியிலும் அவர்களுக்கு ஆய்வு தடைபடாது.

எடுத்துப் போனது 5 லிட்டர். மூவரும் கை கழுவியது கால் லிட்டர். மீதி நாலே முக்கால் லிட்டரை அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, அம்பத்தூர் வீட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கு அம்மா ஊற்றினார்.