நடைமுறை வாசிப்பு

விக்ரம் சேத்தின் 'எ சூட்டபிள் பாய்' 1993இல் வந்தது. பக்கங்கள் 1,300க்கு மேல். நான்கு குடும்பங்கள், முதல் பொதுத்தேர்தல், நடுவில் மகள் லதாவுக்கு மாப்பிள்ளை தேடும் அம்மா. புதுச்சேரிக்காரர்கள் இதை இன்னும் படித்து முடிக்கவில்லை என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கதை நடப்பது 1951-52இல். அப்போது நாம் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தோம். அடுத்த வீட்டுக் கல்யாணப் பேச்சில் எட்டிப் பார்ப்பது அநாகரிகம்.

தவிர, எதையும் ஆற அமரச் செய்வது நம் ஊர் மரபு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள்; 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1இல் நடைமுறையில் நிர்வாகம் கைமாறியது. 1956இல் ஒப்பந்தம். சட்டப்படி சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான்.

நண்பர் ஒருவர் இந்த முன்மாதிரியை அப்படியே பின்பற்றுகிறார். நாவலை வாங்கி அலமாரியில் வைத்தது நடைமுறை வாசிப்பு. பின்னட்டையைப் படித்தது ஒப்பந்தம். சட்டப்படியான வாசிப்புக்கு எட்டு வருஷ அவகாசம். அதுவரை இலக்கியக் கூட்டங்களில் நாவலைப் பற்றிப் பேச முழு அதிகாரம் உண்டு. பேசியும் வருகிறார், மணிக்கணக்கில்.

அவர் மனைவி ஓசைப்படாமல் அதை முழுக்கப் படித்துவிட்டார். மேடைக்கு அழைக்கலாம்தான். விவரமில்லாதவர், லதா யாரைக் கட்டிக்கொண்டாள் என்று நண்பரின் காதுபடச் சொல்லிவிடுவார்.

2020இல் மீரா நாயர் அதையே ஆறு பகுதித் தொடராக எடுத்தார். நண்பர் கைப்பேசியில் தரவிறக்கி வைத்திருக்கிறார். நடைமுறையில் பார்த்தாயிற்று.