திடலிலிருந்து பயிற்றுநர் இருக்கைக்கு

கேள்வி: காலால் பெயர் வாங்கிய காற்பந்து வீரர், பயிற்றுநராகியும் ஜெயிக்க முடியுமா? (வாசகர், லுக்குட்)

பதில்: கே. ராஜகோபால் ஜெயித்தாரே! தேசிய அணிக்கு ஆடியவர், 2009-இல் லாவோஸ் சீ விளையாட்டில் பயிற்றுநராகத் தங்கம் வென்றார். அது மலேசியாவின் 20 ஆண்டுப் பசியைத் தீர்த்தது.

தென்கிழக்காசிய நாடுகள் மோதும் சுசுகி கிண்ணத்தின் 2010 கதை இன்னும் ருசி. முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5 என உதை. மற்றவர்கள் பெட்டி கட்டியிருப்பார்கள். இவர் சீ விளையாட்டில் ஆடிய இளைஞர்களையே நம்பினார். இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தில் அதே இந்தோனேசியாவைப் புக்கிட் ஜாலிலில் 3-0 எனச் சாய்த்தார். தாக்குதல் வீரர் சாஃபி சாலிக்கு மட்டும் இரண்டு கோல். ஜகார்த்தாவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றும், கிண்ணம் முதன்முறையாக மலேசியாவுக்கு வந்தது.

உங்கள் மாநிலத்துக்கே வருவோம். 2021-இல் நெகிரி செம்பிலானைப் பிரிமியர் லீக் வாகையராக்கி, சூப்பர் லீக்குக்கு ஏற்றியவர் கே. தேவன். மறு ஆண்டே அங்கு நான்காம் இடம்!