கொழுந்து காத்திருக்காது

கேள்வி: சரக்கைச் சேர்த்து வைக்காமல், தேவையான நேரத்துக்குத் தேவையான அளவு மட்டும் வரவழைத்து லாபம் பார்க்கும் ஜப்பான் முறை, நம்ம தோட்டத்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, சரிவருமா? (ஒரு வாசகர், பதுளை)

பதில்: டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ அந்த முறையை வளர்த்தெடுத்தது 1950களில். ஹப்புத்தளைக்குப் பக்கத்தில் தம்பேத்தென்ன ஸ்டோரை லிப்டன் கட்டியது 1890இல். யார் முந்தி?

பச்சைக் கொழுந்துக்குக் களஞ்சியம் கிடையாது. குவித்து வைத்தால் சூடேறிச் சிவந்துபோகும். காலையில் மலையில், மாலைக்குள் வாட்டும் தட்டில். ஏறக்குறைய நாலரை கிலோ கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை. ஜூலை முதல் செப்டம்பர் வரை காய்ந்த காற்று ஊவாத் தேயிலைக்கு வாசனை ஏற்றும் காலம். அப்போது லொறி பிந்தினால் கொழும்பு ஏலத்தில் விலை இறங்கும். கம்பனியின் லாபநட்டம் அந்தச் சில மணி நேரத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று: ஓனோ எண்ணிச் சொன்ன ஏழு விரயங்களில் 'காத்திருப்பு'ம் ஒன்று. கொழுந்து நிறுக்க மடுவத்தில் கூடையோடு வரிசையில் நிற்கிறாளே நம் அக்கா, அந்த நேரம் யார் கணக்கில்? கிலோ குறைந்தால் அவளுக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடத் தெரிந்த கணக்கப்பிள்ளை, அவள் நின்ற நேரத்துக்கும் ஒரு பேர் போடலாமே!